கர்ப்பத்தில் மச்சம் கறுப்பதும் பெரிதாவதும்: எல்லாம் ஹார்மோன்தானா?

பிப்ரவரி 4, வாசகி ஒருவரின் கேள்வி

ஆறாவது மாதம் நடக்கிறது. தொப்புளுக்கு இடதுபக்கம் சின்ன வயதிலிருந்தே ஒரு மச்சம். இப்போது அகலமாகிவிட்டது, நிறமும் கூடின மாதிரி தெரிகிறது. கழுத்தில் பிறவியிலேயே வந்த சிவப்புத் திட்டு ஒன்று உண்டு, அதுவும் முன்பைவிட அழுத்தமாக இருக்கிறது. "மாசமா இருக்கும்போது எல்லா மச்சமும் கறுக்கும், பெத்ததும் தானா சரியாயிடும், எல்லாம் ஹார்மோன்" என்கிறாள் அக்கா. அவளுக்கு இரண்டு குழந்தைகள். நம்பலாமா?

பிப்ரவரி 4, இரவு

அக்கா சொன்னதில் மூன்று விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. தோல் கறுப்பது ஹார்மோன், அது உண்மை. கழுத்துச் சிவப்பு பெரும்பாலும் ரத்த ஓட்டம். வயிற்று மச்சம் அகலமாவது பெரும்பாலும் தோல் இழுபடுவதால். "எல்லா மச்சமும் கறுக்கும்" என்பதற்குத்தான் ஆதாரம் மெலிவு. மச்சத்தைத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். அடுத்த ஸ்கேனுக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள். மீதி நாளைக்கு, தூக்கம் வருகிறது.

பிப்ரவரி 5

தோலுக்கு நிறம் கொடுப்பவை மெலனோசைட் என்ற செல்கள். கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜனும் புரொஜெஸ்ட்ரோனும் ஏறுகின்றன. கூடவே அந்தச் செல்களை நேராகத் தூண்டும் எம்.எஸ்.எச். என்ற ஹார்மோனும் ஏறுகிறது. நஞ்சுக்கொடியும் தன் பங்குக்கு இந்த வரிசையில் சிலவற்றைச் சுரக்கிறது. கர்ப்பிணிகளில் பத்தில் ஒன்பது பேருக்கு எங்காவது நிறம் கூடும் என்று பாடநூல்கள் சொல்வது இதனால்தான்.

ஆனால் உடம்பு முழுக்க ஒரே சீராகக் கூடாது. ஏற்கெனவே நிறம் தூக்கலாக இருக்கும் இடங்கள்தான் முதலில் கறுக்கும்: மார்புக்காம்பைச் சுற்றிய வட்டம், அக்குள், தொடை இடுக்கு. அடிவயிற்றில் நடுவாக ஓடும் கோடு புதிதாக முளைத்தது கிடையாது. எப்போதும் இருந்த வெளிர்க் கோடுதான் கறுத்து, கண்ணுக்குத் தெரிகிறது. சமீபத்தில் ஆறிய தழும்புகளும் கறுக்கும். எனக்கு முழங்கையில் இருந்த தீக்காயத் தழும்பு நாலாம் மாதத்தில் பளிச்சென்று தெரிய ஆரம்பித்தது. அதற்கு முன்னால் அது இருப்பதையே மறந்திருந்தேன்.

அப்படியானால் மச்சம் மட்டும் ஏன் விதிவிலக்கு? மச்சம் என்பது ஒரே ஒரு மெலனோசைட்டில் ஒரு மரபணு மாறி, அது பெருகி, ஒரு கட்டத்தில் தானே நின்றுபோன கூட்டம். சாதாரண மச்சங்களில் பெரும்பாலானவற்றில் மாறியிருப்பது பி-ராஃப் என்ற மரபணு. அந்த மாற்றமே முதலில் வளர வைக்கிறது, பிறகு செல்லின் சொந்தக் காவல் அமைப்பு தலையிட்டு வளர்ச்சியை நிறுத்தி வைக்கிறது. இப்படி நிறுத்தப்பட்ட கூட்டத்தை ஈஸ்ட்ரோஜன் சும்மா தட்டி எழுப்பிவிட முடியாது. மச்ச செல்களில் ஈஸ்ட்ரோஜனை உணரும் ஏற்பிகள் இருப்பது உண்மை. ஏற்பி இருக்கிறது என்பதும், அதனால் மச்சம் வளர்கிறது என்பதும் வேறு வேறு.

பிப்ரவரி 5, மாலை

மேலே உள்ளதை "மச்சம் மாறவே மாறாது" என்று யாரும் படித்துவிட வேண்டாம். நிறம் லேசாகக் கூடலாம், டெர்மாஸ்கோப்பில் (தோலைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி) பார்த்தால் மச்சத்துக்குள் வலைபோல் ஓடும் நிறக்கோடுகள் கொஞ்சம் தடிப்பாகத் தெரியலாம். அப்படிப் பார்த்த மாற்றங்கள் பிரசவத்துக்குப் பிறகு ஓராண்டுக்குள் பழையபடி ஆவதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நான் சொல்ல வந்தது கண்ணால் பார்த்தே தெரியும் அளவுக்கு வளர்வதைப் பற்றி.

பிப்ரவரி 9

ஆதாரம் கேட்டிருக்கிறார்கள். 1997-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வு ஒன்று உண்டு. 22 கர்ப்பிணிகளின் 129 மச்சங்களை முதல் மூன்று மாதத்தில் ஒருமுறை, கடைசி மூன்று மாதத்தில் ஒருமுறை போட்டோ எடுத்து அளந்தார்கள். அளவு மாறியவை 8 மட்டும். அதில் 4 ஒரு மில்லிமீட்டர் பெரிதாயின, 4 ஒரு மில்லிமீட்டர் சிறிதாயின. கூட்டிக் கழித்தால் பூஜ்யம்.

இதற்கு நேர் எதிராக, 1984-ல் 389 கர்ப்பிணிகளிடம் "உங்கள் மச்சம் மாறியதா" என்று வாய்மொழியாகக் கேட்ட ஆய்வில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் ஆமாம் என்றார். கேட்டால் ஒரு பதில், அளந்தால் இன்னொரு பதில். எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. வாழ்நாளில் வேறெப்போதும் தன் வயிற்றை ஒருத்தி அத்தனை தடவை கண்ணாடியில் பார்க்கமாட்டாள்.

பலவீனத்தையும் சொல்லிவிடுகிறேன். சிறிய எண்ணிக்கை. பெரும்பாலும் வெளிர்த்தோல் பெண்கள். முதுகை வைத்துப் பார்த்த ஆய்வுகள் "மாற்றமில்லை" என்கின்றன, வயிறு மார்பு ஆகியவற்றைப் பார்த்தவை "பெரிதாகிறது" என்கின்றன. முதுகு இழுபடாது, வயிறு இழுபடும். ஹார்மோன் காரணமாக இருந்தால் ரத்தம் போகிற இடமெல்லாம் ஒரே மாதிரி நடந்திருக்க வேண்டும், முதுகு மட்டும் தப்பியிருக்காது.

பிப்ரவரி 10

"ஆராய்ச்சி கிடக்கட்டும், நான் என் கண்ணால் பார்த்தேன்" என்று எழுதியவருக்கு: நீங்கள் பார்த்தது பொய் என்று யார் சொன்னது? எதனால் என்பதுதான் பேச்சு. அப்புறம், சண்டைக்கு வருகிறவர்கள் முந்தைய போட்டோவோடு வந்தால் நல்லது.

பிப்ரவரி 17

என் கதை. வலது விலாவுக்குக் கீழே பயறு அளவில் ஒன்று. முதல் பிள்ளையின் ஏழாம் மாதத்தில் அது நீளவாக்கில் விரிந்து முட்டை வடிவம் ஆனது. நிறம் கறுக்கவில்லை, இன்னும் சொல்லப்போனால் வெளிறியது. இருந்த நிறமே கூடுதல் பரப்பில் பரவினால் வெளிறத்தானே வேண்டும். தொப்பை விழுந்தவர் போட்ட பனியனில் அச்சடித்த எழுத்து அகன்று மங்குகிறதே, அப்படித்தான். பெற்றபின் சுருங்கியது, ஆனால் பழைய வட்டத்துக்கு முழுசாகத் திரும்பவில்லை. தோலே திரும்பாதபோது மச்சத்தை மட்டும் குறை சொல்லி என்ன?

இதில் ஒரு பிடி கிடைக்கிறது. இழுபட்டு அகலும் மச்சம் ஒரு ஒழுங்கோடு அகலும். இரண்டு பக்கமும் ஒத்துப்போகும், ஓரம் தெளிவாக இருக்கும், நிறம் ஒன்றாகவே இருக்கும், பக்கத்து மச்சங்களும் அதே திசையில் நீண்டிருக்கும். ஒரு பக்கம் மட்டும் வால் விட்டு வளர்வது, உள்ளே கறுப்பு, பழுப்பு, நீலம், சிவப்பு என்று கலவையாவது, கன்றிப்போய் ரத்தம் கசிவது இவையெல்லாம் இழுவையால் வராது.

பிப்ரவரி 18

"ஒழுங்கு இருந்தால் பயமில்லை, டாக்டரிடம் போக வேண்டாம்" என்று இதை யாரோ சுருக்கிப் பகிர்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். நான் அப்படி எழுதவில்லை. ஒழுங்கு இருந்தால் கொஞ்சம் நிதானமாகப் போகலாம், இல்லாவிட்டால் உடனே போக வேண்டும். இரண்டிலும் போவது உண்டு.

பிப்ரவரி 28, கேள்வி கேட்டவர்

காட்டிவிட்டு வந்தேன். கருவி வைத்துப் பார்த்து, போட்டோ எடுத்து, இழுவைதான் என்றார்கள். பிரசவத்துக்குப் பிறகு ஒருமுறை வரச் சொன்னார்கள். கழுத்துத் திட்டை அழுத்திப் பார்த்துவிட்டு எதுவும் செய்யவில்லை. அது ஏன் அழுத்தமானது என்று கேட்க மறந்துவிட்டேன்.

மார்ச் 1

அழுத்திப் பார்த்ததே பாதிப் பதில். விரலால் அழுத்தினால் வெளுத்து, எடுத்தால் சிவக்கிறது என்றால் அங்கே நிறம் தருவது மெலனின் என்ற தோல் நிறமி இல்லை, ரத்தம். (அழுத்தினால் வெளுக்காத ரத்தக்குழாய்த் திட்டுகளும் உண்டு, எனவே இதை வைத்து வீட்டில் தீர்ப்பு எழுதாதீர்கள்.)

"பிறவி மச்சம்" என்று நாம் ஒரே பெயரில் கூப்பிடுவதில் இரண்டு குடும்பங்கள் இருக்கின்றன. ஒன்று நிறச்செல்களால் ஆனது, இன்னொன்று ரத்தக்குழாய்களால் ஆனது. கர்ப்பத்தின் பாதிப்பு இரண்டாவது குடும்பத்துக்குத்தான் அதிகம், அது ஏன் என்று புரிந்துகொள்வதும் சுலபம். பிரசவ காலத்துக்குள் உடம்பில் ரத்தத்தின் அளவு 40 முதல் 50 சதவீதம் கூடிவிடுகிறது. ஈஸ்ட்ரோஜன் குழாய்களை விரிக்கிறது. புரொஜெஸ்ட்ரோன் அவற்றின் சுவரைத் தளர்த்துகிறது. கோளாறோடு பிறந்த குழாய்களுக்கு இந்தக் கூடுதல் சுமை கஷ்டம்.

முகம் கழுத்தில் வரும் கருஞ்சிவப்புத் திட்டு, போர்ட் ஒயின் கறை என்பார்கள், கரு வளரும்போதே ஜி.என்.ஏ.கியூ. என்ற மரபணுவில் நேர்ந்த மாற்றத்தால் வருவது. 2013-ல் கண்டுபிடித்தார்கள். அது கர்ப்பத்தில் அழுத்தமான நிறம் பெறலாம், சிலருக்குத் தடிக்கலாம், அதன்மேல் சிவப்பு முடிச்சுகள் கிளம்பலாம். பிடரியில் பலருக்கும் இருக்கும் வெளிர் சிவப்புத் திட்டு ஆபத்தே இல்லாதது.

நாளங்களின் பிறவிக் கோளாறு வேறு. நீலமாக, மெத்தென்று, குனிந்தால் புடைக்கும். பருவம் அடையும்போதும் கர்ப்பத்திலும் வீங்கி வலிக்கும், உள்ளே ரத்தம் உறையலாம். தமனியும் நாளமும் நேரடியாக இணைந்த கோளாறு இன்னும் ஆபத்தானது. தொட்டால் சூடாக இருக்கும், துடிப்பு தெரியும், கர்ப்பத்தில் திடீரென்று வளரவும் கூடும். இந்த இரண்டும் உள்ளவர்கள் கர்ப்பம் தரிக்கும் முன்பே மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். "சின்னப்பிள்ளையிலிருந்து இருக்கிறதே" என்ற சமாதானம் இங்கே உதவாது.

மார்ச் 1, பின்னர்

நிறக் குடும்பத்தைப் பற்றி எழுதாமல் விட்டுவிட்டேன் என்கிறார்கள். சுருக்கமாக: காப்பி நிறத் தட்டையான திட்டு பொதுவாக மாறாது. ஆனால் பெரியவர்களுக்கு 15 மி.மீ.க்கு மேல் ஆறோ அதற்கு மேலோ திட்டுகள் இருந்தால் நியூரோஃபைப்ரோமடோசிஸ் என்ற மரபணு நோய் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அது இருப்பவர்களுக்குத் தோலில் வரும் மெத்தென்ற கட்டிகள் கர்ப்பத்தில் உண்மையாகவே வளரும், எண்ணிக்கையும் கூடும். அந்தக் கட்டிகள் பலவற்றில் புரொஜெஸ்ட்ரோன் ஏற்பி இருக்கிறது. ஆக, "ஹார்மோன்தான்" என்ற வார்த்தை பொருந்தும் இடமும் உண்டு.

கண்ணைச் சுற்றி நீலம் கலந்த சாம்பல் நிறமாக வரும் திட்டு இன்னொன்று. அதை விவரித்த மருத்துவர் ஓட்டாவின் பெயரால் அழைக்கிறார்கள், 1939-ல் எழுதியது. சிலருக்குப் பிறந்தவுடன் தெரியும், சிலருக்குப் பருவ வயதில். மாதவிடாய் நாட்களில் நிறம் ஏறி இறங்குவதும் கர்ப்பத்தில் கறுப்பதும் உண்டு.

மார்ச் 11

"எனக்கு ஒரே கர்ப்பத்தில் ஏழெட்டு புது மச்சம் வந்தது" என்று ஒருவர். எங்கே என்று கேட்டதற்கு, கழுத்து, அக்குள், மார்புக்கு அடியில் என்றார். அழுத்தினால் ஆடுகிறதா? ஆடுகிறது. அது மரு அம்மா, மச்சம் இல்லை. தோல் தோலோடு உரசும் இடங்களில் கர்ப்பத்தின் பின்பாதியில் சின்னச் சின்னதாகத் தொங்கும், சில பிரசவத்துக்குப் பின் உதிரும், சில நிரந்தரமாகத் தங்கிவிடும். எனக்குக் கழுத்தில் வந்தவற்றில் பாதி இன்னும் இருக்கின்றன. வாடகை கேட்டால் தருவதாக இல்லை.

இன்னொருவர் நெஞ்சில் சிவப்புப் புள்ளி, அதிலிருந்து கால்கால்களாக நாலு பக்கமும் கோடுகள் என்றார். சிலந்தி வடிவ ரத்தக்குழாய். நடுப்புள்ளியை அழுத்தினால் கால்களும் சேர்ந்து மறையும். இரண்டாம் மாதத்திலிருந்து ஐந்தாம் மாதத்துக்குள் கிளம்பும். வெளிர்த்தோல் பெண்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு வரும். கறுத்த தோலிலும் வரும், ஆனால் குறைவு, தெரிவதும் கடினம். பெரும்பாலும் பிரசவமான மூன்று மாதத்துக்குள் போய்விடும்.

ஈறிலோ விரல்நுனியிலோ சிவப்பாக, மளமளவென்று வளர்ந்து, பல் தேய்த்தால் ரத்தம் கொட்டும் உருண்டை வந்தால் அது பெரும்பாலும் கர்ப்பகால ரத்தக்குழாய்க் கட்டி. பார்க்கப் பயமாக இருக்கும், புற்றுநோய் அல்ல. ஆனாலும் பார்க்க வேண்டியவர் பார்த்து அப்படிச் சொல்லட்டும்.

மெய்யான புது மச்சங்களும் வரும். இதில் ஒரு தற்செயல் இருக்கிறது. மச்சங்களின் எண்ணிக்கை முப்பது வயதைத் தாண்டும்வரை கூடிக்கொண்டே போவது இயல்பு. பிள்ளை பெறும் வயதும் அதேதான். கர்ப்பம் இல்லாவிட்டாலும் அவற்றில் சில வந்திருக்கும்.

மார்ச் 12

"அம்மா" என்று கூப்பிட்டதற்கு மன்னிக்கவும், அவர் என்னைவிட மூத்தவராம்.

ஏப்ரல் 2

நேற்று ஒரு தோழி சொன்னதை எழுதாமல் இருக்க முடியவில்லை. அவருக்கு மார்புக்குக் கீழே, விலாவின் மேல் ஒரு பழுப்பு மச்சம், சின்ன வயதிலிருந்தே. கர்ப்பத்தில் அது கறுத்து, தடித்து, சட்டை பட்டாலே வலித்தது. அரண்டுபோய் ஓடினார். பரிசோதித்த மருத்துவர் சிரித்தாராம். அது மச்சமே இல்லை, மூன்றாவது மார்புக்காம்பு.

கருவில் அக்குளில் தொடங்கி தொடை இடுக்குவரை இரண்டு பக்கமும் ஒரு பால்கோடு உருவாகும். பிறகு மார்பு இருக்கும் இடம் தவிர மீதி மறைந்துவிடும். மறையாமல் எங்காவது துளி தங்கினால் அது வெளியே மச்சம் மாதிரியே தெரியும். கர்ப்ப ஹார்மோன்கள் அதையும் மார்பாகவே நடத்தும். கறுக்கும், வீங்கும், சிலருக்குப் பால்கூட கசியும்.

எனக்கு இதில் சொந்த அனுபவம் உண்டு, காம்பு இல்லை, அக்குள். இரண்டாவது பிரசவத்துக்குப் பின் பால் இறங்கிய நேரத்தில் இடது அக்குளில் எலுமிச்சை அளவில் ஒரு வீக்கம். ராத்திரி முழுக்க நெறிகட்டி, புற்று என்று என்னவெல்லாமோ யோசித்துவிட்டு, காலையில் காட்டினால், "துணை மார்புத் திசு, பால் கட்டியிருக்கிறது, குளிர்ந்த துணி வையுங்கள், பிழிந்து எடுக்காதீர்கள்" என்றார் செவிலியர். சில நாட்களில் வடிந்தது. வடியாத கட்டியை ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும்.

மச்சத்திலிருந்து எங்கேயோ போய்விட்டேன். ஆனால் இந்த இழையில் "மச்சம் வளர்ந்தது" என்று எழுதியவர்களில் சிலருடையது பால்கோட்டில் இருக்கும் என்று சந்தேகம். எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

ஏப்ரல் 20

தவிர்த்துக்கொண்டே வந்த விஷயம். மெலனோமா, அதாவது நிறச்செல்களில் தொடங்கும் தோல் புற்றுநோய்.

கர்ப்பத்தில் கண்டறியப்படும் புற்றுநோய்களில் இது முன்வரிசையில் இருக்கிறது. காரணம் கர்ப்பம் அதை உண்டாக்குவது அல்ல, பிள்ளை பெறும் வயதில் வரக்கூடிய சில புற்றுநோய்களில் இதுவும் ஒன்று என்பது. 1950களில் ஒருசில நோயாளிகளை மட்டும் வைத்து எழுதிய மருத்துவ அறிக்கைகள், கர்ப்பம் மெலனோமாவை வெறிகொள்ளச் செய்கிறது என்ற பயத்தைக் கிளப்பிவிட்டன. பிறகு பெரிய கணக்கு வந்தது. 2004-ல் ஸ்வீடன் பதிவேடுகளை வைத்து, கர்ப்பத்தில் மெலனோமா கண்டறியப்பட்ட 185 பெண்களை, அதே வயதில் கர்ப்பமில்லாமல் நோய் வந்த 5,348 பெண்களோடு ஒப்பிட்டார்கள். கட்டியின் ஆழம் போன்றவற்றைக் கணக்கில் எடுத்தபின், உயிர்பிழைப்பில் வித்தியாசம் இல்லை. எல்லா ஆய்வும் ஒரே குரலில் பேசவில்லை என்றாலும், நோயின் ஆழமே முடிவைத் தீர்மானிக்கிறது என்பதில் பெரிதாக மறுப்பு இல்லை.

ஆழம் என்றால் காலம். அதனால்தான் "ஹார்மோன், பிரசவத்துக்கு அப்புறம் பார்க்கலாம்" என்ற பதில் எனக்கு எரிச்சலூட்டுகிறது. என் முதல் கர்ப்பத்தில் நான் காட்டிய மருத்துவர் சட்டையை விலக்கக்கூடச் சொல்லாமல் அந்த வார்த்தையைச் சொன்னார். என் மச்சம் சாதுவானதுதான், அது வேறு கதை. ஆனால் அவர் அதைப் பார்த்துச் சொல்லவில்லை.

எதைப் பார்ப்பது? 1985-ல் நியூயார்க்கில் மருத்துவர்கள் வகுத்த நாலு அடையாளங்கள்: இரு பாதி ஒத்துப்போகாமை, ஓரம் கலைந்திருத்தல், பல நிறம், 6 மி.மீ.க்கு மேல் அகலம். 2004-ல் ஐந்தாவதாக மாற்றத்தைச் சேர்த்தார்கள். கர்ப்பத்தில் சிக்கலே இந்த ஐந்தாவதில்தான். வயிற்றில் எல்லாமே மாறுகிறது. அதனால் மாற்றத்தோடு மற்ற நாலில் ஒன்றும் சேர்ந்தால் தயங்கவே கூடாது. என் பழக்கம் இன்னொன்று: மற்ற மச்சங்களோடு ஒட்டாமல் தனித்து நிற்பது எது என்று பார்ப்பேன்.

ஏப்ரல் 21

நேற்றைய குறிப்பு வெளிர்த்தோல்காரர்களுக்கு எழுதிய மாதிரி இருக்கிறது. கறுத்த தோலில் மெலனோமா குறைவு, ஆனால் வரும்போது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று வருகிறது, தாமதமாகவே பிடிபடுகிறது. பாடகர் பாப் மார்லிக்குக் கால்விரல் நகத்தடியில்தான் வந்தது, 36 வயதில் இறந்தார். எட்டாம் மாதத்தில் சொந்தப் பாதத்தையே பார்க்க முடியாது என்பது எனக்கும் தெரியும். யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். நகத்தில் நீளவாக்கில் ஒரே ஒரு கறுப்புக் கோடு, அது அகன்றுகொண்டே போகிறது அல்லது நகக்கண் தோலிலும் பரவுகிறது என்றால் காட்ட வேண்டும். பல விரல்களில் மெல்லிய கோடுகள் கறுத்த தோலில் இயல்பாகவே இருக்கும்.

மே 6

"கர்ப்பத்தில் மச்சத்தை வெட்டிச் சோதனைக்கு அனுப்பலாமா, குழந்தைக்கு ஆகாதே?" அனுப்பலாம். அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்யும் லிடோகெய்ன் ஊசி கர்ப்பத்தில் பாதுகாப்பானதாகவே கருதப்படுகிறது. பத்து இருபது நிமிட வேலை. கடைசி மாதங்களில் நேராக மல்லாக்கப் படுக்க வைக்காமல் இடதுபக்கம் சாய்த்துப் படுக்க வைப்பார்கள், கருப்பையின் எடை பெரிய நாளத்தை அழுத்தாமல் இருக்க. சந்தேகம் இருக்கும் மச்சத்தைப் பிரசவம்வரை விட்டுவைப்பதுதான் ஆபத்து.

அழகுக்காக எடுப்பது வேறு. அதைத் தள்ளிப்போடலாம். வயிற்றில் தையல் போட்டால் இழுபட்டுத் தழும்பு அகலும். லேசரையும் பெரும்பாலும் பிறகு வைத்துக்கொள்ளச் சொல்வார்கள்.

மே 6, மறுபடி

மங்குக்கு, அதாவது முகத்தில் திட்டாகப் படரும் கறுப்புக்கு, என்ன தடவலாம் என்று மூன்று பேர். நிறத்தை வெளுக்க வைக்கும் ஹைட்ரோகுவினோன் கர்ப்பத்தில் வேண்டாம், தோல்வழியாகக் கணிசமாக உள்ளே போகிறது. ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ வகை) க்ரீம்களும் வேண்டாம். அசெலாயிக் அமிலம் பரவாயில்லை என்பார்கள். எல்லாவற்றையும்விட வெயிலைத் தடுப்பது. அதுவும் நிறம் கலந்த, இரும்பு ஆக்ஸைடு உள்ள சன்ஸ்கிரீன், ஏனென்றால் மங்கை புற ஊதாக் கதிர் மட்டும் தூண்டுவதில்லை, கண்ணுக்குத் தெரியும் ஒளியும் தூண்டுகிறது. எனக்கு முதல் பிரசவத்துக்குப் பின் முழுசாக மறைந்தது. இரண்டாவதில் மேலுதட்டுக்கு மேல் தங்கிவிட்டது. மீசை என்று என் மகன் சொல்கிறான், சொல்லட்டும்.

ஜூன் 15, கேள்வி கேட்டவர்

பெண் குழந்தை, இருவரும் நலம். அவளுக்கு நெற்றியில் ஒரு சிவப்புப் புள்ளி வந்து, இரண்டே வாரத்தில் மேடாகிறது. என் ஹார்மோன் அவளுக்குப் போய் இப்படி ஆனதா?

ஜூன் 15

வாழ்த்துகள். இல்லை, உங்கள் ஹார்மோன் காரணம் இல்லை. பிறந்த சில வாரங்களுக்குள் கிளம்பி மேடாவது, பெண் குழந்தை, இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஹீமாஞ்சியோமா என்ற ரத்தக்குழாய்க் கட்டியாக இருக்கலாம். பெண் குழந்தைகளுக்கும் குறைமாதக் குழந்தைகளுக்கும் இரட்டையருக்கும் அதிகம். 2000-ல் ஒரு விநோதம் தெரியவந்தது: இந்தக் கட்டியின் குழாய்களில் இருக்கும் குளூட்-1 என்ற புரதம் நஞ்சுக்கொடிக் குழாய்களிலும் இருக்கிறது. நஞ்சுக்கொடியின் செல்கள் குழந்தையின் தோலில் ஒட்டிக்கொண்டனவா என்றுகூட ஒரு கருத்து எழுந்தது, முடிவாகவில்லை.

ஐந்து மாதத்துக்குள் பெரும்பகுதி வளர்ச்சி முடிந்துவிடும், பிறகு ஆண்டுக்கணக்கில் மெல்ல அடங்கும். பெரும்பாலானவற்றுக்கு மருந்தே வேண்டாம். ஆனால் கண், மூக்கு, உதடு அருகே இருந்தால், புண்ணானால், பெரிதாகப் பரவினால் உடனே காட்ட வேண்டும். வளர்ச்சி வேகமாக இருக்கும் காலம் சீக்கிரம் கடந்துவிடும், மருந்தும் அந்தக் காலத்தில்தான் நன்றாக வேலை செய்யும். நெற்றி என்பதால் தள்ளாமல் இந்த வாரமே காட்டிவிடுங்கள். ப்ரொப்ரனலால் என்ற இதய மருந்து இதற்கு உதவும் என்று 2008-ல் பிரான்சின் போர்தோவில் தற்செயலாகத்தான் தெரிந்தது. இதயக் கோளாறுக்குக் கொடுத்த குழந்தைக்குக் கட்டி சுருங்கிவிட்டது.

உங்கள் வயிற்று மச்சம்? போட்டோவோடு ஒப்பிட்டார்களா?

ஜூலை 3

கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிட்டால் மச்சம் மாறுமா என்று கேட்டவருக்கு: மங்கு வரும், அது நிச்சயமாகத் தெரிந்தது. மச்சம் வளர்வதற்கோ மெலனோமா வருவதற்கோ மாத்திரைக்கும் தொடர்பு இருப்பதாகப் பெரிய ஆய்வுத் தொகுப்புகளில் உறுதிப்படவில்லை. ஏற்கெனவே மெலனோமா வந்து போனவர்கள் அடுத்த பிள்ளைக்கு எவ்வளவு காலம் காத்திருப்பது என்பதை நோயின் ஆழத்தையும் நிலையையும் வைத்து மருத்துவர் சொல்வார், எல்லாருக்கும் பொதுவான ஒரு கணக்கு கிடையாது. வடிவம் கெட்ட மச்சங்கள் நிறைய இருப்பவர்கள், குடும்பத்தில் மெலனோமா வந்தவர்கள், கர்ப்பம் தெரிந்தவுடனே ஒருமுறை முழு உடம்பையும் பார்த்துப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மச்சத்துக்குப் பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து, ஒரே வெளிச்சத்தில், ஒரே தூரத்தில். வயிறு பெரிதாகும் முன் எடுத்தது ஒன்று இருந்தால் பிறகு பாதி வாக்குவாதம் மிச்சம்.

ஜூலை 8

கழுத்து மருவை நூலால் கட்டி உதிர வைக்கலாமா, அமிலம் வைத்துச் சுடலாமா என்று இரண்டு கேள்விகள். வேண்டாம். புண்ணாகும், கறுத்த தழும்பு நிற்கும். அதைவிட முக்கியமாக, நீங்கள் மரு என்று நினைத்தது வேறு ஏதாவதாக இருந்தால் சோதனைக்கு அனுப்ப எதுவும் மிஞ்சியிருக்காது. மருத்துவரிடம் எடுத்தால் வெட்டிய துண்டை நோயியல் சோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், அறிக்கையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.